ரஜூலாவில் மூன்றாம் நாள்

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் விடத் தொடங்கினார்கள். முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த படம் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த மாதமே என் மகன் எனக்கும் என் மனைவிக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். "எப்பப் பாத்தாலும் கப்பல் கதையே சொல்றீங்களேப்பா, ஒரு தடவை நல்ல கப்பல்ல போய்ப் பாருங்க" என்றான்.

சாயங்காலம் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தபோது நாங்கள் மேல்தளத்தில் நின்றிருந்தோம். ராயபுரமும் காசிமேடும் மெல்லப் பின்னால் போயின. திருவொற்றியூரின் விளக்குகள் ஒரு கோடாகத் தெரிந்தன. வடக்கே எண்ணூரின் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அவற்றுக்கு இப்பால், கொஞ்சம் உள்ளே தள்ளி, மணலியின் தீச்சுடர். முப்பத்து நான்கு வருடம் அந்தச் சுடருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். அதைக் கடலிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை அறைக் கதவின் அடியில் ஒரு காகிதம் கிடந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரல். தலைப்பில் 'கடலில் ஒரு நாள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கப்பல் அன்று எந்தத் துறைமுகத்தையும் தொடாது. பாட்டு, நடனம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. எதுவும் வேண்டாம் என்றால் சாய்வு நாற்காலியில் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் மனைவி படித்துவிட்டு, "இன்னிக்கு நமக்கு ஒரு வேலையும் இல்லையாம்" என்றாள். இளைஞர்கள் சிலர் போனில் சிக்னல் இல்லாமல் தவித்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்தேன். அலை அதிகமில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரை இல்லை, வேறு கப்பல் இல்லை. எனக்கு 1970-ஆம் வருடத்து மாசி மாதம் நினைவுக்கு வந்தது.

இதே சென்னைத் துறைமுகத்திலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நீராவிக் கப்பல்கள் மலாயாவுக்குப் போய் வந்தன. சென்னையில் ஆள் ஏற்றி, நாகப்பட்டினத்தில் நின்று ஆள் ஏற்றி, பிறகு வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். போர்ட் ஸ்வெட்டன்ஹாமைத்தான் இப்போது போர்ட் கிள்ளான் என்கிறார்கள். அந்தக் கப்பல்களில் நம் ஜனங்கள் மறக்காத பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டியது. கறுப்புப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. உலகத்தில் வேறு எந்தக் கப்பலுக்கும் அவ்வளவு பேரை ஏற்ற உரிமம் கொடுத்ததில்லை என்று சொல்வார்கள். போருக்குப் பிறகு அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ரஜூலாவோடு பிறந்த இன்னொரு கப்பல் ரோனா. இதே தடத்தில் நம்மவர்களைச் சுமந்த அந்தக் கப்பலைப் போர்க்காலத்தில் படை ஏற்ற எடுத்துக்கொண்டு போனார்கள். 1943 நவம்பரில் அல்ஜீரியா அருகே ஜெர்மானிய விமானம் வீசிய குண்டில் அது மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கச் சிப்பாய்கள். ரஜூலா தப்பித்து வந்து, மேலும் முப்பது வருடம் ஓடியது.

டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பாயை விரித்து, பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் நான்கைந்து நாளைக்கு வீடு. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே சுமார் 1,250 கடல் மைல். ரஜூலா மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மைல் போகும். முழுதாக நான்கு நாள் பிடிக்கும். முதல் நாள் கரையை நினைத்துக்கொண்டிருப்போம். கடைசி நாள் எதிர்க்கரையை நினைத்துக்கொண்டிருப்போம். நடுவில் இருக்கும் நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கடலை முதலில் கடந்தவர் என் தாத்தா. தஞ்சாவூர் ஜில்லாவில் நிலமில்லாத குடும்பம். கங்காணியோடு நாகப்பட்டினம் போய், பாப்பாகோவிலில் இருந்த டிப்போவில் சில நாள் தங்கி, கப்பலேறினார். சென்னைப் பக்கத்து ஆட்களுக்கு ஆவடியில் இதேபோல் ஒரு டிப்போ இருந்தது. அதற்கெல்லாம் முன்பு ஒப்பந்தக் கூலி முறை. கைநாட்டு வைத்தால் வருடக்கணக்கில் விலக முடியாது. மலாயாவுக்கு அந்த முறையில் ஆள் அனுப்புவது 1910-இல் நின்றது. 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி ஒரு குடியேற்ற நிதி வைத்தார்கள். கூலிகளின் கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. அதனால் கப்பல் கடன் தலையில் இல்லாமல் போக முடிந்தது. ஆனாலும் ஊர்க் கடன் தலையில்தான் இருந்தது. பினாங்கை அடைந்ததும் டெக் பயணிகளை ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, மருந்து தெளித்து, நாள் கணக்கில் வைத்திருந்துதான் தோட்டத்துக்கு விடுவார்கள். இந்திய சர்க்கார் 1938-இல் தோட்டக் கூலிகளாக ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குள் போனவர்களும் வந்தவர்களுமாக லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கடலைக் கடந்திருந்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தவர்கள் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அது இருவழிப் பாதை.

இந்த வரிசையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஊரில் பண்ணையாருக்கு வேலை. டிப்போவில் குமாஸ்தாவின் அதிகாரம். ஜெரஜாக்கில் டாக்டரின் அதிகாரம். தோட்டத்தில் கங்காணி, கிராணி, அவர்களுக்கு மேலே துரை. நடுக்கடலில் மட்டும் இவர்களை வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை. எங்கள் தாத்தா தன் வாழ்க்கையில் சும்மா இருந்த நாள் என்று எதையாவது சொல்லியிருந்தால் அது கப்பலில் இருந்த நாளாகத்தான் இருக்கும். அப்பா எங்களுக்கு இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார். அதன் அர்த்தம் எனக்குப் பதினைந்து வயதில் புரிந்தது.

நான் பிறந்தது கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அதற்காக அப்பா நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலியும் போச்சு. ஆகவே சும்மா இருப்பது என்பது எங்கள் லயத்தில் ஒரு கெட்ட செய்தி.

மலேசியாவில் குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல நிற அடையாள அட்டை, இல்லாதவர்களுக்குச் சிவப்பு அட்டை. அப்பாவுடையது சிவப்பு. குடியுரிமைக்கு எழுதிப் போட வேண்டும் என்று யாரோ சொன்னதை அவர் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவரைப் போலத்தான் அவர் தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒரே நேரத்தில் வெளியாட்களாகிப் போனார்கள். அந்த ஒன்றிரண்டு வருடங்களில் ரஜூலா திரும்பி வரும் பயணமெல்லாம் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றி வந்தது. 1970 மாசியில் அப்படி ஏறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அக்கா மட்டும் வரவில்லை. அதற்கு முந்தின வருடம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தானிடம் நீல அட்டை. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்க வேண்டும். தாய்வீடு கப்பலேறுகிறது. அம்மா இன்னும் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னார்கள். பெர்மிட் முடிந்துவிட்டது, லய வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிப் பினாங்கு வந்தோம். பாலம் எல்லாம் பின்னால் வந்தது. அக்கா துறைமுகத்தில் அம்மா கையில் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தாள். உள்ளே அதிரசம். அம்மா சொல்லிக்கொடுத்து அவள் தனியாகச் செய்த முதல் அதிரசம்.

முதல் நாள் முழுக்க அம்மா பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். நானும் அப்பாவும் தட்டோடு வரிசையில் நின்று சோறு வாங்கி வந்தோம். அம்மா தொடவில்லை. இரண்டாம் நாள் சுமத்ராவின் வடக்கு முனைக்கும் பெரிய நிக்கோபாருக்கும் நடுவே இருக்கும் கால்வாய் வழியாகக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அங்கே ஆட்டம் அதிகம். பாதிப் பேர் வாந்தி. அதிரச டின் அம்மாவின் தலைமாட்டில் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. மாசியில் வங்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். புயல் காலம் ஐப்பசி, கார்த்திகையோடு போய்விடும், கோடைப் புயலுக்கு இன்னும் நாள் இருக்கும். கித்தான் பந்தலுக்குக் கீழே மொத்த டெக்கும் ஒரு கிராமமாகிவிட்டது. ஒருவர் இன்னொருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நாகூர் போகும் பினாங்குக் கடைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து கணக்குப் பேசினார்கள். நாலு பேர் சீட்டு ஆடினார்கள். ஒரு பாட்டி பேத்திக்குப் பேன் பார்த்தாள்.

அந்த வழிநடையில் ஒரு கடிகாரம் இருந்தது. அதில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தினமும் ராத்திரி கப்பல் ஆள் ஒருவர் அதை அரைமணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார். மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் அப்போது இரண்டு மணி நேர வித்தியாசம். கப்பல் மேற்கே போகப் போக அந்த இரண்டு மணியை அரை அரையாகக் கழித்தார்கள். இன்றைக்கு விமானத்தில் கைக்கடிகாரத்தை ஒரே திருப்பாகத் திருப்புகிறோம். கப்பலில் அது மெதுவாக நடக்கும். அப்பாவின் உடம்புக்கு இந்தக் கணக்குத் தெரியாது. பெரட்டு நேரத்துக்குத்தான் விழித்தார். முதல் காலை கப்பல் கடிகாரத்தில் நாலு மணி, அடுத்த காலை மூன்றரை, மூன்றாம் நாள் மூன்று மணி. எழுந்து வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எங்கே போவது? நானும் அன்று விழித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்க தாத்தா சொன்னது சரிதாண்டா. இங்க யாரும் பேர் கூப்பிட மாட்டாங்க" என்றார்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா படுத்துத் தூங்கினார். காய்ச்சல் இல்லாமல் அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். வாயைத் திறந்து, கையை விரித்து, சின்னப் பிள்ளை மாதிரி தூங்கினார். அவர் கட்டைவிரலில் பால் வெட்டும் கத்தி பிடித்த காய்ப்பை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன்.

எங்களுக்கு எதிர் வரிசையில் ஒரு மாசமான பெண் புருஷனோடு வந்திருந்தாள். இரண்டு நாள் வாந்தியில் அவள் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "இங்க வாம்மா" என்று கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எத்தனையாம் மாதம், முதல் பிரசவமா, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். நாகப்பட்டினத்தில் அவள் அம்மா வந்து காத்திருப்பாள் என்று அந்தப் பெண் சொன்னாள். அம்மா தலைமாட்டிலிருந்து அந்த டின்னை எடுத்துத் திறந்தார்கள். முதல் அதிரசத்தை அவளிடம் கொடுத்தார்கள். பிறகு எங்களுக்கு, பக்கத்துப் பாய்க்காரர்களுக்கு. கடைசியில் தானும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "பாகு கொஞ்சம் முத்திப்போச்சு. பரவாயில்ல, கத்துக்குவா" என்றார்கள். அன்று ராத்திரி சோறு சாப்பிட்டார்கள்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு, படகில்தான் இறங்க வேண்டும். அம்மா ஏணியைப் பார்த்துப் பயப்படவில்லை. முதல் நாளாக இருந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஊரில் எங்களுக்கு எதுவும் இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-இல்தான் ஓட ஆரம்பித்திருந்தது, பக்கத்தில் உரத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. காண்டிராக்டர்கள் ஆள் தேடினார்கள். சித்தப்பா ஒருவர் சொல்லி 1971-இல் இங்கே வந்தோம். அப்பா மண் சுமந்தார். நான் ஐ.டி.ஐ. படித்தேன். மீதிக் கதை உங்களில் பலருக்குத் தெரியும், நாமெல்லோரும் ஒரே சைரனுக்கு எழுந்தவர்கள்தானே.

அக்காவுக்குப் பெண் பிறந்ததாகக் கடிதம் வந்தது. 1973-இல் ரஜூலாவை நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த வருடமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அதன் இடத்தில் வந்தது எம்.வி. சிதம்பரம். பிரான்சில் டன்கர்க்கில் 1966-இல் கட்டி, பாஸ்தர் என்ற பெயரில் தென் அமெரிக்காவுக்கு ஓடிய கப்பல். பாய் விரிக்க வேண்டியதில்லை, ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல் பங்க் படுக்கை. நம் வடசென்னைக்காரர்களில் அதில் 'குருவி'யாகப் போய் வந்து பர்மா பஜாரில் கடை வைத்தவர்களும் உண்டு. 1981 ஆரம்பத்தில் நான் அம்மாவை அதில் அழைத்துப்போனேன். பேத்திக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. அந்த நடுநாளில் அம்மா கடிகாரம் முன்னால் தள்ளப்படுவதைப் பார்த்துவிட்டு, "போகும்போது பிடுங்கிக்கிறான், வரும்போது குடுத்துடறான்" என்றார்கள்.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தத் தடத்தில் பயணிகள் கப்பல் நின்றே போயிற்று. மூன்று வருடம் கழித்து அம்மா இறந்தபோது அக்கா விமானத்தில் வந்தாள். மறுநாளே வந்து முகம் பார்த்தாள், கப்பல் என்றால் அது நடந்திருக்காது. விமானத்துக்கு அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் காரியம் முடிந்து ஊர் போனவள் எழுதிய முதல் கடிதத்தில், "ஏறினேன், இறங்கினேன் தம்பி. அழுது முடிக்கக்கூட நேரமில்லை, அதற்குள் பிள்ளைகள் பசிக்கிறது என்று வந்து நின்றார்கள்" என்று எழுதியிருந்தாள்.

எண்ணூர் பர்மா நகரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. 1964-இல் பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அவர் குடும்பம் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. கொண்டுவர விட்டது கொஞ்சம். அவரிடம் இந்த மூன்றாம் நாளைச் சொன்னேன். அவர் தன் தகப்பனார் கப்பலில் நடுவழியில்தான் வாயைத் திறந்து, இனி என்ன தொழில் செய்வது என்று அம்மாவிடம் கேட்டார் என்றார்.

சொகுசுக் கப்பலும் பிரான்சில் கட்டியதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1990-இல் செயின்ட் நசேர் கப்பல் தளத்தில் கட்டியது. சிதம்பரத்துக்கு ஊர்க்காரன். அன்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் என் மகன், தினம் பன்னிரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன், போனை மடியில் போட்டுவிட்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கையை விரித்திருந்தான். என் மனைவி டீ வந்திருக்கிறது, எழுப்பவா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.